கேட்டால் தருவதா, கேட்காமலே மாற்றுவதா? நியூரோடைவர்ஜென்ட் ஊழியர்களுக்காக நிறுவனங்கள் எடுக்கும் நான்கு வழிகள்

“ஆட்டிசம், ஏடிஎச்டி உள்ள ஊழியர்களுக்கு உதவியாக ஏதாவது செய்யலாம் என்று எங்கள் நிறுவனத்தில் முடிவாகிவிட்டது. எதிலிருந்து தொடங்குவது?” எச்ஆர் பிரிவில் இருப்பவர்களும் சின்ன டீம்களை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. முடிவெடுத்த வேகத்தில் பெரும்பாலானோர் முதலில் ஏற்பாடு செய்வது ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தைத்தான். ஒரே நாளில் முடிந்துவிடும், செய்தோம் என்று காட்டப் படங்களும் கிடைக்கும். ஆனால் அது நான்கு வழிகளில் ஒன்று மட்டுமே. என் கணக்கில் அது முதலில் வர வேண்டியது அல்ல.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடலாம். ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனக் குறைவும் மிகைச் செயல்பாடும்), டிஸ்லெக்சியா (வாசிப்பில் சிரமம்), டிஸ்கால்குலியா (கணக்கில் சிரமம்), டிஸ்பிராக்சியா (உடல் அசைவை ஒருங்கிணைப்பதில் சிரமம்), டூரெட் (தன்னையறியாத அசைவுகளும் ஒலிகளும்) எனப் பல பெயர்கள். இவர்கள் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் சொல்தான் நியூரோடைவர்ஜென்ட். தகவலை வாங்குவது, கவனத்தைத் திருப்புவது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்குவது, நேரத்தைக் கணிப்பது போன்றவற்றில் இவர்களுடைய மூளை பெரும்பான்மையினருடையதிலிருந்து வேறு விதமாக இயங்குகிறது. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம். அதனால் “ஆட்டிசத்துக்கு இது, ஏடிஎச்டிக்கு அது” என்று அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்க முடியாது.

## எதை வைத்து எடை போடுவது

வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோல்களை முடிவு செய்துகொள்வோம். நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

- இந்த உதவி கிடைக்க யார் வாய் திறக்க வேண்டியிருக்கிறது?
- மருத்துவச் சான்று இல்லாதவருக்கும் இது பயன்படுமா?
- அன்றாட வேலை மாறுகிறதா, அல்லது வேலையைப் பற்றிய பேச்சு மட்டும் மாறுகிறதா?
- மேனேஜர் மாறினாலும் நிலைக்குமா?
- செலவு எவ்வளவு? பணம் மட்டுமல்ல, யாருடைய நேரமும் தெம்பும் போகின்றன?

ஐந்தும் சம எடை உள்ளவை அல்ல. முதல் கேள்விதான் கனமானது. தன் நிலையை வெளியே சொன்னால் பதவி உயர்வு போய்விடுமோ, “இவரை நம்பிப் பெரிய வேலை கொடுக்க முடியாது” என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் வாயே திறக்காதவர்கள் ஏராளம். வெளியில் இயல்பாகத் தெரிவதற்காக நாள் முழுக்கத் தன்னைத் தானே கண்காணித்துக்கொண்டு, கண்ணைப் பார்த்துப் பேசவும் உடம்பை அசையாமல் வைத்திருக்கவும் பாடுபட்டு, வீட்டுக்குப் போனதும் சுருண்டு படுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி மறைப்பது உடல் சோர்வோடும் மனச்சோர்வோடும் தொடர்புடையது என்று ஆட்டிசம் பற்றிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாய் திறந்தவருக்கு மட்டும் கிடைக்கும் உதவி, அதிகம் தேவைப்படுபவரை எட்டாமலே போகலாம்.

## வழி 1: விழிப்புணர்வுப் பயிற்சி

வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார். ஸ்லைடு காட்டுகிறார். நியூரோடைவர்சிட்டி என்றால் என்ன, இன்னின்ன அறிகுறிகள், இன்னின்ன திறமைகள். கடைசியில் ஒரு வினாடி வினா. எல்லாரும் கைதட்டிவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறார்கள். அங்கே அதே இரைச்சல், அதே “சீக்கிரம் முடிச்சுக் கொடுங்க” மின்னஞ்சல்.

பணச் செலவு குறைவு, யாரும் தன்னை வெளிப்படுத்த வேண்டியதில்லை. இந்த இரண்டும் இதன் பலம். மூன்றாவது கேள்வியில் அடிபட்டுப் போகிறது: வேலை மாறவில்லை.

மறைமுகச் செலவும் உண்டு. “ஆட்டிசம் உள்ளவர்கள் கணக்கில் புலி” என்பது போன்ற பொதுமைப்படுத்தல் அந்த அறையிலிருந்துதான் பரவுகிறது. கணக்கு வராத ஆட்டிசக்காரர் அதற்கப்புறம் இரண்டு மடங்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். ஏற்கெனவே வெளிப்படையாக இருக்கும் ஒரே ஊழியரை “உங்க அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்களேன்” என்று மேடையேற்றுவதும் வழக்கம். சம்பளத்துக்கு மேல் அவர் செய்யும் வேலை அது. மறுக்கவும் சங்கடம்.

அதற்காகப் பயிற்சியே வீண் என்று சொல்லவில்லை. யாருக்கு, எதைப் பற்றி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவரும் ஆய்வாளருமான டேமியன் மில்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: புரிந்துகொள்ள முடியாமை ஒரு பக்கத்துக் குறை அல்ல, இரு பக்கமும் ஒருவரை ஒருவர் தவறவிடுகிறார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. ஒருவர் காதில் சொன்னதை அடுத்தவருக்குக் கடத்தும் விளையாட்டைப் போல ஒரு கதையைக் கைமாற்றச் சொன்னார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை, ஆட்டிசம் இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசைக்குச் சமமாகக் கதையைக் கடத்தியது. இரண்டும் கலந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகம் உதிர்ந்தன. இதை ஏற்றுக்கொண்டால் பயிற்சியின் தலைப்பே மாறிவிடும். “இவர்கள் எப்படிப்பட்டவர்கள்” என்பதைக் கற்பிக்காமல், மேனேஜர்களுக்கு இரண்டே காரியங்களைப் பழக்கலாம்: வேலையைத் தெளிவாகச் சொல்வது, குறையைச் சுற்றி வளைக்காமல் சொல்வது.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: மற்ற மாற்றங்களைச் செய்துவிட்டு, அவை ஏன் என்று டீமுக்கு விளக்க வேண்டிய கட்டம். தொடக்கமாக வேண்டாம்.

## வழி 2: கேட்பவருக்குத் தனி ஏற்பாடு

சட்டங்கள் பெரும்பாலும் நிற்பது இந்த இடத்தில்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் நிறைவேறியது. நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமையாகாத வரை, தனி நபருக்குத் தேவையான மாற்றத்தைச் செய்து தர வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று. அமெரிக்காவின் 1990-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எல்லாவற்றிலும் இந்தக் கருத்து இருக்கிறது.

ஏற்பாடு என்றவுடன் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 1983 முதல் இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்லிவரும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க், நிறுவனங்களிடம் கேட்டுத் தொகுத்த விவரங்களின்படி, செய்து தரப்பட்ட ஏற்பாடுகளில் ஏறத்தாழப் பாதிக்குச் செலவே ஆகவில்லை. யோசித்துப் பார்த்தால் புரியும். நுழைவாயிலிலிருந்து தள்ளி ஒரு நிலையான இருக்கை, காலை 9-க்குப் பதில் 10.30-க்குத் தொடங்கும் அனுமதி, வீடியோ அழைப்பில் கேமராவை அணைத்து வைப்பது, எழுத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள், கூட்டத்தில் திடீரென்று உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருப்பது, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து “இந்த ஐந்தில் எது முதலில்” என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது. இதில் எதற்குப் பட்ஜெட் கூட்டம் போட வேண்டும்?

இந்த வழியின் பெரிய பலம் துல்லியம். தேவைப்படுபவருக்குத் தேவைப்படுவது கிடைக்கிறது. பலவீனங்கள் மூன்று, மூன்றுமே கண்ணில் படாதவை.

முதலாவது, சான்று. பெரியவர்களுக்கான மதிப்பீட்டுக்குப் பல நாடுகளில் மாதக்கணக்கிலும் சில இடங்களில் ஆண்டுக்கணக்கிலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கிடைத்த சான்றும் பாதிக் கதையாக இருக்கலாம். மருத்துவர்கள் நிலையைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013-இல் மாறும் வரை, ஆட்டிசம் இருப்பவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்துக் குறிப்பிட அதன் விதி இடம் தரவில்லை. அதற்கு முன் மதிப்பீடு செய்துகொண்டவரின் தாளில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். பெண்களுக்குப் பல நேரங்களில் மிகத் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. சட்டப் பட்டியல்களும் ஒரே மாதிரி இல்லை: இந்தியச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா போன்ற ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் உண்டு, ஏடிஎச்டி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. “சான்று கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்” என்று விதி வைத்தால் இத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். செலவே இல்லாத ஏற்பாட்டுக்குச் சான்று கேட்பது எனக்கு அர்த்தமாகப் படவில்லை. ஹெட்போன் போட்டுக்கொள்ள மருத்துவர் கையெழுத்து எதற்கு?

இரண்டாவது, “உனக்கு என்ன வேண்டும்?” என்ற கேள்வி. நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் இருபது ஆண்டு சமாளித்தே பழகியவருக்கு, வேறு எப்படி இருந்திருக்கலாம் என்றே தெரியாது. வெறும் தாளை நீட்டுவதைவிட, கிடைக்கக்கூடிய ஏற்பாடுகளின் பட்டியலைக் காட்டி “இதில் ஏதாவது உதவுமா, ஒரு மாதம் முயன்று பார்ப்போமா” என்று கேட்பது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, மேனேஜர் மாற்றம். முந்தைய மேனேஜர் வாய்மொழியாகச் சொன்ன சம்மதம் அவரோடு போய்விடும். புதியவரிடம் முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும், மறுபடி அதே பயம். இதற்கு எளிய மருந்து உண்டு. ஒப்புக்கொண்டவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, ஊழியரிடமே கொடுத்துவிடுவது. டீம் மாறினாலும் தாள் கூடவே போகும். அதில் நிலையின் பெயர் இருக்க வேண்டியதில்லை, ஏற்பாடுகள் மட்டும் போதும். பிரிட்டனில் பல நிறுவனங்கள் இதை ஒரு பாஸ்போர்ட் மாதிரி நடத்துகின்றன.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: ஊழியர் ஏற்கெனவே வாய் திறந்துவிட்டார், அவருடைய தேவை மற்றவர்களுடையதிலிருந்து மிகவும் வேறுபட்டது, அல்லது நாளைக்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நிலை.

## வழி 3: எல்லாருக்குமாக வேலையின் அமைப்பையே மாற்றுவது

நான்கில் எனக்குப் பிடித்தது இது. அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், குறைகளையும் சேர்த்தே.

யாரையும் அடையாளம் காட்டச் சொல்லாமல், வேலை நடக்கும் விதத்தையே மாற்றுவதுதான் இதன் கரு. கூட்டத்துக்கு முந்தின நாளே, பேசப்போகும் விஷயங்களின் நிரல் போய்விடும். கூட்டம் முடிந்ததும் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரி எழுதி அனுப்பப்படும். வேலை ஒதுக்குவது ஒரே இடத்தில் மட்டும், பாதி சாட்டில், பாதி மின்னஞ்சலில், மீதி நடைபாதையில் என்று இல்லை. “அவசரம்” என்ற சொல்லுக்குப் பதில் தேதியும் நேரமும். பெரிய மாற்றம் வருகிறதென்றால் முன்னறிவிப்பு. நேர்முகத் தேர்வுக் கேள்விகள் எல்லா விண்ணப்பதாரர்களுக்கும் முன்கூட்டியே.

இந்தப் பட்டியலில் எந்த வரியும் ஆட்டிசம், ஏடிஎச்டி என்று பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். சும்மா நல்ல நிர்வாகம்தான். ஆனால் பலன் எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. “இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் குரலையும் முகத்தையும் சூழலையும் வைத்து, இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று ஊகித்துவிடுவார்கள். அந்த ஊகத்தையே நம்பி நடக்கும் அலுவலகத்தில், ஊகிக்க முடியாதவர் மட்டும் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறார். தேதியை எழுதிக் கொடுப்பது மற்றவர்களுக்கு ஒரு வசதி. அவருக்கோ வேலை நிலைப்பதும் பறிபோவதும் அதில்தான் இருக்கிறது.

இடத்தின் அமைப்பும் இதில் சேரும். தடுப்பே இல்லாத திறந்த கூடங்களை ஆதரிப்பவர்கள் “அப்போதுதான் ஆட்கள் பேசிக்கொள்வார்கள்” என்பார்கள். ஆய்வாளர்கள் ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், திறந்த கூடத்துக்கு மாறிய நிறுவனங்களில் நேருக்கு நேர் பேச்சு ஏறத்தாழ 70% குறைந்தது. ஆட்கள் மின்னஞ்சலிலும் சாட்டிலும் புகுந்துகொண்டார்கள். பக்கத்து இருக்கைப் பேச்சு காதில் விழுந்தால் யாருக்குமே கவனம் சிதறும். சத்தத்தை வடிகட்ட முடியாத மூளைக்கு அது நாள் முழுக்க நடக்கும் சித்திரவதை. கதவுள்ள ஒன்றிரண்டு சிறிய அறைகள், பேசக் கூடாத ஒரு பகுதி, கண் கூசும் விளக்கை அணைக்கும் உரிமை இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். வந்தவர் வந்த இடத்தில் உட்காரும் முறையை வைத்திருப்பவர்கள், கேட்பவர் எவருக்கும் காரணம் கேட்காமல் நிலையான இருக்கை தரலாம்.

இனி குறைகள். பணச் செலவு பெரிதல்ல, ஒழுக்கச் செலவு பெரிது. மூன்று வரிக் குறிப்பை முதல் மாதம் எல்லாரும் அனுப்புவார்கள். மூன்றாவது மாதம் யார் அனுப்புவார்கள்? மேலிருப்பவர் தானே நிரல் இல்லாமல் கூட்டம் கூட்டினால் மொத்தமும் சரிந்துவிடும். இந்தச் சுமை முழுக்க மேனேஜர்கள் தலையில் விழுகிறது. அதை அவர்களுடைய வேலை மதிப்பீட்டிலேயே சேர்க்காவிட்டால் நிலைக்காது.

இன்னொரு குறை, தேவைகள் ஒன்றோடொன்று மோதுவது. எல்லாம் எழுத்தில் வேண்டும் என்பது ஆட்டிசம் உள்ள பலருடைய தேவை. நீண்ட மின்னஞ்சல் டிஸ்லெக்சியா உள்ளவருக்குப் பாரம். ஏடிஎச்டி உள்ள சிலருக்கு இடையிடையே யாராவது வந்து “எந்த மட்டில் இருக்கிறது” என்று கேட்டால்தான் வேலை நகரும். பக்கத்திலிருப்பவருக்கோ அந்த ஒரு குறுக்கீட்டால் கட்டி வைத்த கவனம் எல்லாம் கலைந்து, திரும்பச் சேர்க்க அரை மணி நேரம் ஆகும். உரக்கப் பேசித்தான் யோசிக்க முடியும் என்பவரும், ஒரு குரலும் கேட்கக் கூடாது என்பவரும் ஒரே டீமில் இருப்பார்கள். ஆகவே “எல்லாருக்கும் ஒரே நல்ல வழி” என்று ஒன்று கிடையாது. எல்லாருக்கும் தேர்வு கொடுப்பதுதான் பொதுவாக இருக்க முடியும்: சுருக்கமான எழுத்துக் குறிப்பு, விரும்புபவருக்கு ஐந்து நிமிட அழைப்பு. விசாரிப்பு வேண்டுமா, எந்த இடைவெளியில் வேண்டும் என்பதை அவரவரே முடிவு செய்வது. அப்படியும் தீராத மோதல்கள் மிஞ்சும். அங்கேதான் வழி 2 தேவைப்படுகிறது.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் புள்ளிவிவரப்படி டீமில் சிலராவது இருப்பார்கள். கொஞ்சம் பெரிய டீம் எதற்கும் இது பொருந்தும்.

## வழி 4: தனி வேலைவாய்ப்புத் திட்டம்

ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே தனி வாசல் திறப்பது. டென்மார்க்கின் தோர்கில் சோன, தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்த பிறகு 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்ன நிறுவனம் இதில் முன்னோடி. ஜெர்மனியில் இதே போன்ற ஆட்டிகான் நிறுவனம் 2011-இல் வந்தது. மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி 2013-இல் தன் திட்டத்தை அறிவித்தது, மைக்ரோசாஃப்டும் ஜே.பி. மார்கன் சேஸ் வங்கியும் 2015-இல் தொடங்கின.

இவர்கள் செய்த மிகப் பெரிய நல்ல காரியம் நேர்முகத் தேர்வை உடைத்ததுதான். கைகுலுக்கல், கண் பார்வை, “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” எல்லாம் ஒருவர் கணினி நிரல் எழுதுவாரா, பிழை கண்டுபிடிப்பாரா என்பதைச் சொல்வதில்லை. அதற்குப் பதில் பல நாட்கள் உண்மையான வேலையைச் செய்ய வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்பெஷலிஸ்டெர்ன லெகோ ரோபோக்களைக் கட்டச் சொல்லிப் பார்த்தது. சேர்ந்த பிறகு உடனிருந்து உதவ வேலைப் பயிற்சியாளரும் உண்டு.

கவனிக்க வேண்டிய மறைமுகச் செலவுகள்: இந்த வாசல் வழியாக வருபவரின் நிலை முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும், சொல்வதா வேண்டாமா என்ற உரிமை அவருக்கு இல்லை. வேலைகள் பெரும்பாலும் மென்பொருள் சோதனை, தரவு என்று குறுகிய வட்டத்துக்குள் வைக்கப்படுகின்றன. அங்கிருந்து மேலே போகும் பாதையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. திட்டம் ஓர் உயர் அதிகாரியின் ஆர்வத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் அவர் போனதும் அதுவும் போகும். இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. அதே கட்டடத்தில் சாதாரண வாசல் வழியாக ஏற்கெனவே வந்து, தன் நிலையை மறைத்துக்கொண்டு திணறும் ஊழியருக்கு இந்தத் திட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

இது சிறந்த தேர்வாகும் சூழல்: ஆண்டுதோறும் கணிசமாக ஆள் எடுக்கும் பெரிய நிறுவனம், தனிப் பொறுப்பாளர், குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கும் உறுதி. மற்றவர்கள் திட்டத்தை விட்டுவிட்டு, நேர்முகத்துக்குப் பதில் வேலைச் சோதனை என்ற அதன் உத்தியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | பயிற்சி | தனி ஏற்பாடு | பொது மாற்றம் | தனித் திட்டம் |
|---|---|---|---|---|
| யார் வாய் திறக்க வேண்டும் | யாரும் இல்லை | ஊழியர் | யாரும் இல்லை | விண்ணப்பிக்கும்போதே ஊழியர் |
| சான்று இல்லாதவருக்கு | பொருந்தும் | விதியைப் பொறுத்தது | பொருந்தும் | பெரும்பாலும் இல்லை |
| அன்றாட வேலை மாறுமா | அரிதாக | ஒருவருக்கு, நன்றாக | எல்லாருக்கும், ஓரளவு | சேர்ந்தவர்களுக்கு மட்டும் |
| மேனேஜர் மாறினால் | மறந்துபோகும் | எழுத்தில் இருந்தால் நிற்கும் | பழக்கமாகிவிட்டால் நிற்கும் | மேலிடத்தைப் பொறுத்தது |
| பெரிய செலவு | வீண் நம்பிக்கை | ஊழியரின் பயமும் தெம்பும் | மேனேஜரின் ஒழுங்கு | ஆள், ஆண்டுகள், பணம் |

## உங்கள் நிலைமைக்கு எது

பத்துப் பேருக்குள் இருக்கும் சின்ன நிறுவனம் என்றால் பொது மாற்றங்களில் மூன்றை மட்டும் எடுங்கள்: எழுத்துக் குறிப்பு, தேதியோடு வேலை ஒதுக்கீடு, அமைதியான ஓர் இடம். அத்தனை சிறிய கூட்டத்தில் பயிற்சி நடத்தினால் “இது யாருக்காக” என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த ஒருவரை நெளிய வைப்பதுதான் மிச்சம்.

ஷிப்ட் வேலை, வாடிக்கையாளரை நேரில் பார்க்கும் வேலை, தொழிற்சாலைத் தளம் ஆகியவற்றில் நேர நெகிழ்வும் இட நெகிழ்வும் குறைவு. அங்கே வீட்டிலிருந்து வேலை என்று பேசிப் பயனில்லை. ஆனால் ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே தருவது, கடைசி நேரத்தில் மாற்றாமல் இருப்பது, வேலைப் படிகளைப் படத்தோடு கண் முன் ஒட்டி வைப்பது, சத்தத்திலிருந்து ஒதுங்கிப் பத்து நிமிடம் உட்கார ஓரிடம் தருவது முடியும். முன்னறிவிப்பு இல்லாத ஷிப்ட் மாற்றம் ஒருவருடைய வாரத்தையே குலைத்துவிடும் என்பதை அலுவலக மேசையில் இருப்பவர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள்.

டீமில் ஒருவர் இப்போதே தடுமாறுகிறார், எச்சரிக்கைக் கடிதம் வரை போய்விட்டது என்றால் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை. தனி ஏற்பாட்டை உடனே தொடங்குங்கள், எச்சரிக்கையை நிறுத்தி வையுங்கள். ஏற்பாடு கொடுத்து ஒரு மாதமாவது பார்க்காமல் அவருடைய திறமையைப் பற்றி முடிவு செய்ய உங்களிடம் ஆதாரம் இல்லை.

பெரிய நிறுவனம், நேரமும் பணமும் இருக்கிறது என்றால் நான் போடும் வரிசை 3, 2, 1. நான்காவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பயமில்லாமல் கேட்கத் தொடங்கிய பிறகு. அதை எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை பேர் ஏற்பாடு கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு வருடம் ஆகியும் பூஜ்யம் என்றால் “எங்களிடம் அப்படி யாரும் இல்லை” என்று மகிழ வேண்டாம், கேட்கப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

## நீங்களே அந்த ஊழியராக இருந்தால்

இதுவரை சொன்னது நிறுவனத்தின் தேர்வு. உங்கள் பக்கமும் ஒரு தேர்வு இருக்கிறது: நிலையைச் சொல்லிக் கேட்பதா, சொல்லாமல் தேவையை மட்டும் கேட்பதா.

“எனக்கு ஏடிஎச்டி” என்று சொல்லாமலே “முன்னுரிமையை எழுதிக் கொடுத்தால் வேகமாக முடிப்பேன்” என்று கேட்கலாம். சின்ன ஏற்பாடுகளுக்கு இது போதும், பின்வாங்க முடியாத எதையும் நீங்கள் சொல்லிவிடவும் இல்லை. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. தனி ஏற்பாடு செய்யும் கடமை, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பொதுவாக, நிறுவனத்துக்கு உங்கள் நிலை தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது. சொல்லாமல் கேட்டது மறுக்கப்பட்டால் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வழி குறைவு. சட்டத்தின் வீச்சும் இடத்துக்கு இடம் மாறும்: அமெரிக்கச் சட்டம் 15 பேருக்குக் குறைவான நிறுவனங்களைத் தொடாது, பிரிட்டனில் அப்படி ஆள் கணக்கு இல்லை. வேலை நேரம், வேலை இடம், வேலை மதிப்பீடு போன்ற பெரிய விஷயங்களில் மாற்றம் வேண்டும் என்றால் சொல்லிக் கேட்பதுதான் வலுவானது. யாரிடம் என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். மேனேஜரிடம் ஏற்பாட்டை மட்டும், எச்ஆரிடம் நிலையை, சக ஊழியர்களிடம் எதையும் இல்லை என்று பிரித்து வைப்பவர்கள் உண்டு.

எதைச் செய்தாலும் நேரில் பேசிவிட்டு அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: “இன்று பேசியபடி, அடுத்த திங்கள் முதல் ஒரு மாதத்துக்கு இந்த இரண்டு மாற்றங்களை முயன்று பார்க்கிறோம்.” மாற்றத்துக்கு முன் எத்தனை வேலை தாமதமானது, பின் எத்தனை என்று உங்களுக்கென்று குறித்து வையுங்கள். மாத முடிவில் பேச உட்காரும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும்.